கொழுந்துக் கூடையும் நாடித்துடிப்பும்

ஒரு வேலை ஓர் உடலுக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்பதை, அந்த வேலையின்போது நெஞ்சு எத்தனை தடவை அடிக்கிறது என்பதே சொல்லிவிடும். ஒரே சரிவில், ஒரே நிறையுள்ள கூடையோடு ஏறும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 110, மற்றவருக்கு 150 என்று நாடி அடித்தால், இருவரும் செய்வது வெளிப்பார்வைக்குத்தான் ஒரே வேலை. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தொழிலாளரிடம் இந்த வேறுபாட்டை முறையாக அளந்து பார்த்தது 1970களில். அதற்கு முன்பு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, மலையில் பின்தங்கியவர்கள் சோம்பேறிகள் என்றே பெயர் வாங்கினார்கள். களைப்பு ஒரு நோய் என்பதும், அதை எண்ணால் காட்ட முடியும் என்பதும் தோட்டங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பது மலையக மருத்துவ வரலாற்றில் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

அத்தகைய தோட்டங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டாக, நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையிலிருந்து கொத்மலைப் பக்கமாக இறங்கும் மலைமடிப்புகளில் இருக்கிறது பூண்டுலோயா. ஊருக்குப் பெயர் தந்த ஓடை கொத்மலை ஓயாவில் போய்ச் சேர்கிறது. ஊரைச் சுற்றி டன்சினன், சீன், ஹரோ, ஈட்டன் என்று ஸ்கொட்லாந்தையும் இங்கிலாந்தையும் நினைத்துத் துரைமார் வைத்த பெயர்களோடு தோட்டங்கள். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் தொடங்கும் தேயிலை, மலையின் தோள்வரை ஏறுகிறது. இங்கும் முதலில் இருந்தது கோப்பிதான். 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகு, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்டுக் காட்டிய தேயிலை எல்லா மலைகளையும் பிடித்துக்கொண்டது. 1885இல் ரயில் பாதை தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவரை வந்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில் வந்து திரும்பிய தமிழ்நாட்டுத் தொழிலாளர், தேயிலைக்கு ஆண்டு முழுவதும் தேவைப்பட்டதால் குடும்பத்தோடு லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தங்கினார்கள். உடல்நலம் பற்றிய கேள்வியும் அதோடு நிரந்தரமாயிற்று.

கொழுந்து பறிப்பதை வெளியார் மென்மையான வேலை என்று எண்ணுவதுண்டு. காலையில் பெரட்டுக்கு நின்று பேர் பதிந்த பிறகு, ஒதுக்கப்பட்ட மலைக்கு ஏறிப் போவதே முதல் உழைப்பு. இடுப்பில் படங்கு கட்டி, தலையில் மாட்டிய கயிற்றில் கூடை முதுகோடு தொங்க, நிரையைப் பிடித்து நின்றால் கை ஓயாது. இரண்டு இலையும் ஒரு அரும்பும் கிள்ளி, கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் வீச வேண்டும். காலுக்குக் கீழே சரிவும் கல்லும் கானும். கூடை நிறைய நிறைய முதுகு வளைகிறது. கழுத்து முன்னே இழுபடுகிறது. நிறுப்பதற்காகக் கொழுந்து மடுவத்துக்குச் சுமந்து போய் மறுபடி ஏறி வர வேண்டும். தென்மேல் பருவக்காற்றில் மழை விடாது. ஈரக் கொழுந்தின் நிறை கூடும், கணக்கில் தண்ணீருக்குக் கழித்துக்கொள்வார்கள். சொன்ன நிறை எடுக்காவிட்டால் அரைப்பேர். முழு நாள் நின்றும் பாதிச் சம்பளம் என்பதே அந்தச் சொல்லுக்குத் தோட்டத்தில் பொருள்.

இத்தகைய வேலை கேட்பது ஓட்டப்பந்தயக்காரரின் வேகத்தையல்ல. எட்டு மணி நேரம் விடாமல் தசைகளுக்கு ஒட்சிசன் போய்க்கொண்டிருப்பதே அதற்கு வேண்டும். ஒட்சிசனைச் சுமப்பது இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலீட்டர் ஒட்சிசனைத் தாங்கும். 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 14 கிராம் இருந்தால் அது சுமக்கும் ஒட்சிசன் 19 மில்லிலீட்டருக்குச் சற்றுக் குறைவு. 7 கிராம் மட்டும் இருந்தால் அதில் பாதி. தசை கேட்பதோ குறைவதில்லை. பற்றாக்குறையை இரண்டு வழிகளில்தான் உடல் ஈடுசெய்ய முடியும். ஒன்று, கடந்து போகும் இரத்தத்திலிருந்து தசை கூடுதலான ஒட்சிசனைப் பிழிந்தெடுப்பது. மற்றது, இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் இரத்தத்தின் அளவைக் கூட்டுவது.

இதயத்தின் வேகத்தை வைத்திருப்பது அதன் வலது மேலறையிலுள்ள சைனஸ் கணு. அதைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு தடவை துடிக்கும். ஓய்வில் அது எழுபதுக்கு இறங்குவதற்கு வேகஸ் நரம்பு ஓயாமல் பிடித்து இழுப்பதே காரணம். இந்த நரம்பைத் தூண்டினால் இதயம் தளரும் என்பதை ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1845இல் காட்டினார்கள். உழைக்கத் தொடங்கியதும் முதலில் வேகஸின் பிடி தளர்கிறது, பிறகு பரிவு நரம்புகளும் அட்ரினலினும் முடுக்குகின்றன. வேலை முடிந்ததும் வேகஸ் திரும்பி வந்து வேகத்தைக் குறைக்கிறது. இரத்தசோகை உள்ளவரிடம் இந்த ஏற்பாடு பழுதின்றியே இயங்குகிறது. ஆனால் சிறு வேலைக்கே முடுக்க வேண்டியிருக்கிறது. உச்ச வேகமோ வயதுக்கு ஏற்ப வரையறுக்கப்பட்டது. ஆகவே சாதாரண ஏற்றத்திலேயே உச்சத்தை நெருங்கிவிடுபவருக்குக் கைவசம் மிச்சம் இருப்பதில்லை. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு இரைக்கிறது, கால் தள்ளாடுகிறது. ‘இரத்தம் கம்மி’, ‘வெளுத்துப் போச்சு’ என்று லயத்தில் சொல்வது இதைத்தான்.

வெளுத்துப்போகும் நோயைத் தமிழ் மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. பாண்டு, சோகை என்ற பெயர்களில் சித்த மருத்துவம் அதை விவரித்து, அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் கரிசாலையும் கொடுத்தது. அன்னபேதி என்பது இரும்பின் சல்பேட் உப்பு. இன்று மருத்துவமனைகளில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளில் பெரும்பாலானவற்றின் மூலப்பொருளும் அதே உப்புதான். ஆனால் கடல் கடந்து வந்த தொழிலாளருக்கு ஊர் வைத்தியர் எப்போதும் கிடைக்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொயினாவும் விளக்கெண்ணெயுமே முதன்மை மருந்துகளாக இருந்தன. தொழிலாளரின் மருத்துவத் தேவையைத் தோட்டங்கள் மீது சட்டப்படி சுமத்திய மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் வந்தது 1872இல். அது பலமுறை திருத்தப்பட்டு 1912இல் புது வடிவம் பெற்றது. சட்டம் இருந்ததால் மருத்துவம் இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. படுத்துவிட்டவரைத்தான் நோயாளி என்று அந்த ஏற்பாடு கண்டது. தள்ளாடியபடியே பெரட்டுக்கு வந்தவரை அது காணவில்லை.

நோயின் காரணம் குறித்து மருத்துவர்களிடையே குழப்பம் இருந்தது. முகம் வீங்கி, கால் வீங்கி, வெளுத்து, மூச்சிரைத்து இறந்தவர்களைப் பெரிபெரி என்று பதிந்தார்கள். 1887இல் இலங்கையின் தலைமை சிவில் மருத்துவ அதிகாரி டபிள்யூ. ஆர். கின்சி இந்த இரத்தசோகை குறித்துத் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டார். பெரிபெரி என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி குடலிலுள்ள கொக்கிப்புழுவின் வேலை என்ற கருத்து அந்தக் காலத்தில்தான் வலுப்பெற்றது. அந்தப் புழுவை இத்தாலிய மருத்துவர் டுபினி 1838இலேயே மிலானில் கண்டிருந்தார். அது வாய்வழியாக அல்ல, தோலைத் துளைத்து உள்ளே போகிறது என்பதைக் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் கண்டறிந்தது 1898இல். செருப்பில்லாத காலும், மலசலகூடம் இல்லாத லயமும், நிழலும் ஈரமும் உள்ள மண்ணும் சேர்ந்தால் நோய் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது அதன்பிறகு தெளிவாயிற்று.

நெகேட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு உறிஞ்சி வீணாக்குவது ஏறக்குறைய 0.03 மில்லிலீட்டர் இரத்தம். சொல்லப்போனால் ஒரு துளிகூட இல்லை. நூறு புழுக்கள் இருந்தால் 3 மில்லிலீட்டர். நல்ல இரத்தத்தின் ஒரு மில்லிலீட்டரில் அரை மில்லிகிராம் இரும்பு இருப்பதால், நாளுக்கு ஒன்றரை மில்லிகிராம் போகிறது. அதில் ஒரு பகுதியையே குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மாதவிடாய் உள்ள ஒரு பெண் புழு எதுவும் இல்லாமலே ஈடுகட்ட வேண்டிய இரும்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆணும் பெண்ணும் ஒரே மண்ணில் நடந்தாலும் கொழுந்தெடுக்கும் பெண்களிடம் சோகை கடுமையானதற்கு இந்தக் கணக்கு முக்கிய காரணம். அதன்மேல் பேறுகாலமும் பாலூட்டலும் வந்து சேர்கின்றன. இரும்பு வற்றியவர்களிடம் மண் தின்னும் ஆசை எழுவதுண்டு. அதைக் கெட்ட பழக்கம் என்று அடித்துத் திருத்தப் பார்த்தவர்கள் உண்டு. அது பெரும்பாலும் அந்த நோயின் அடையாளமே.

1915இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்தார். அதன் விளைவாக 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. ஜோன் ஸ்னொட்கிராஸ் அதை நடத்தினார். சோதித்த தோட்டத் தொழிலாளரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. சிகிச்சை இலகுவானதல்ல. முதல்நாள் பேதி உப்பு, மறுநாள் வெறுவயிற்றில் தைமோல் அல்லது செனோபோடியம் எண்ணெய், பிறகு மறுபடியும் பேதி. குமட்டலும் தலைச்சுற்றலும் கூடவே வரும். இழந்த நாளின் பேர் பற்றிய கவலை வேறு. பூச்சி மருந்தைக் கண்டு மக்கள் ஒளிந்தார்கள் என்று எழுதுகிறவர்கள், அந்த மருந்து செய்த பாட்டையும் சேர்த்து எழுதுவது நியாயம்.

மருந்து வேலை செய்தது, ஆனால் நிலைக்கவில்லை. மலசலகூடம் கட்டாத தோட்டத்தில் புழு நீங்கியவர் சில மாதங்களில் மறுபடியும் அதே மண்ணிலிருந்து அதே புழுவை வாங்கினார். கூடம் கட்டும் செலவைப் பல தோட்டங்கள் தள்ளிப்போட்டன. வேலை நாள் குறைவதையும் விரும்பவில்லை. நோய் நீங்கினால் தொழிலாளர் கூடுதலாக வேலை செய்வார்கள் என்ற வாதத்தை வைத்தே துரைமாரின் ஒத்துழைப்பைக் கேட்டார்கள். அந்த வாதத்தைக்கூட அப்போது யாரும் அளந்து நிறுவவில்லை. ரொக்பெல்லர் நிறுவனம் மெல்ல மருந்து கொடுப்பதைவிட்டு, டபிள்யூ. பி. ஜேக்கக்ஸின் காலத்தில் பொதுச் சுகாதாரப் பிரிவுகளை அமைக்கும் பக்கம் திரும்பியது. முதலாவது பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. மலைநாட்டுத் தேயிலைப் பகுதி அல்ல அது. இதற்கிடையே தமிழ்நாட்டுக் கரையிலுள்ள மண்டபம் முகாமில், கப்பலேறுவதற்கு முன் தடுத்து வைக்கப்பட்ட தொழிலாளருக்கு 1920களில் புழு மருந்தும் கொடுக்கப்பட்டது. புறப்படும்போது நீங்கிய புழு லயத்து மண்ணில் காத்திருந்தது.

பூண்டுலோயாவின் பெயர் அறிவியல் உலகத்துக்கு அப்போதே தெரிந்திருந்தது, வேறொரு காரணத்தால். அங்கே தோட்டத் துரையாக இருந்த எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீன், தேயிலைச் செடியைத் தாக்கும் பூச்சிகள் பற்றி 1890இல் நூல் வெளியிட்டார். 1896 முதல் இலங்கையின் செதிற்பூச்சிகள் பற்றிய அவரது பெரிய நூல் பகுதி பகுதியாக வந்தது. அதில் பல இனங்களுக்கு முதலில் கண்டெடுத்த இடம் பூண்டுலோயா. நுணுக்கமும் பொறுமையும் நிறைந்த உழைப்பு அது. அவர் பின்னர் பேராதனையில் அரச பூச்சியியலாளரானார். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சட்டப்படி அமைந்து, பின்னர் பூண்டுலோயாவுக்கு அண்மையில் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. செடியின் வேர், இலை, மண், பூச்சி ஒவ்வொன்றுக்கும் ஆய்வுக்கூடம் கிடைத்தது. கொழுந்தைக் கிள்ளும் உடலுக்கு அப்படி ஒன்று கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு போக வேண்டியிருந்தது. இந்த இடைவெளியைத் தற்செயல் என்று கொள்வது கடினம்.

1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் அவர்களைப் பங்கிட்டுக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. நாடற்றவர்களின் நோய்க்கு வாக்கு வலிமை இல்லை. தோட்ட மருத்துவம் தேசிய சுகாதார சேவைக்கு வெளியே நிர்வாகத்தின் கையிலேயே பல பத்தாண்டுகள் கிடந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைத்தான் கடுமையாக அடித்தது. அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன, இறப்பு விகிதம் ஏறியது, சிறுநகரங்களின் தெருக்களில் தோட்டத்து மக்கள் பிச்சை எடுத்தார்கள். 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையானதும் அதே காலத்தில்.

சாப்பாட்டிலும் சோகைக்கு வழி இருந்தது. கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியுமே பல வீடுகளில் காலையும் மதியமும். இறைச்சியும் மீனும் சம்பள நாளையொட்டித்தான். தாவர உணவிலுள்ள இரும்பைக் குடல் குறைவாகவே உறிஞ்சும். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலைச் சாயத்திலுள்ள டானின் வகைப் பொருள்கள் அதையும் கட்டிப்போடுகின்றன. தேத்தண்ணி இரும்பை உறிஞ்சவிடாமல் தடுப்பதை 1975இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். சோறு அல்லது ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வது அதிலிருந்து வந்த ஆலோசனை.

இந்தச் சூழலில்தான் இதயத் துடிப்பு அளவுகோலாக வந்தது. கண்டியிலும் பேராதனையிலும் பணியாற்றிய மருத்துவப் பேராசிரியர் பிரையன் செனவிரத்ன, தோட்டத் தொழிலாளரின் சோகையை வார்டில் அன்றாடம் கண்டவர். அதற்குச் சிகிச்சை கொடுப்பதிலுள்ள சிக்கல்கள் பற்றி 1970களின் முற்பகுதியிலேயே எழுதியவர். அவரோடு கலிபோர்னியாவின் உடலியங்கியல் ஆய்வாளர்களான ஜெரல்ட் கார்ட்னர், ரெஜி எட்ஜர்ட்டன், ஜப்பானியரான யொஷினொபு ஒஹிரா முதலியோர் சேர்ந்தார்கள். 1977இல் வெளியான ஆய்வில், 22 முதல் 65 வயதுவரையான 75 பெண்களை ஓடுபொறியில் படிப்படியாகக் கூடும் ஏற்றத்தில் நடக்க வைத்தார்கள். ஹீமோகுளோபின் 6.1 கிராமிலிருந்து 15.9 கிராம் வரை பரந்திருந்தது. மலையேற்றத்தையே ஓர் அறைக்குள் கொண்டுவந்து, அதன் ஒவ்வொரு படியிலும் நெஞ்சின் வேகத்தையும் இரத்தத்தில் சேரும் லக்டிக் அமிலத்தையும் பதிந்தது போன்ற ஏற்பாடு அது.

முடிவுகள் தெளிவாக இருந்தன. எல்லோராலும் செய்ய முடிந்த ஒரே அளவு வேலையில், ஹீமோகுளோபின் குறையக் குறைய இதயத் துடிப்பு படிப்படியாக ஏறியது. லக்டிக் அமிலமும் ஏறியது. ஒட்சிசன் போதாமல் தசை மாற்று வழியில் எரிபொருளை எரித்ததன் தடயம் அது. மிகக் குறைந்த ஹீமோகுளோபின் உள்ளவர்களால் கடினமான கட்டங்களுக்குப் போகவே முடியவில்லை. இன்னொன்று அதைவிட முக்கியமானது. 11க்கும் 12 கிராமுக்கும் இடைப்பட்டவர்கள், அதாவது மருத்துவர் ‘கொஞ்சம் குறைவு’ என்று சொல்லி அனுப்பிவிடக் கூடியவர்கள்கூட, 13 கிராமுக்கு மேலுள்ளவர்களைவிட முன்னதாகவே ஓய்ந்துபோனார்கள். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை 12 கிராம். அதுவும் கடல்மட்டத்துக்கு. உயரத்தில் காற்று மெலிவதால், அந்த எல்லையை உயரத்துக்கேற்பக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. பூண்டுலோயாவின் மேல் மலைகளில் வேலை செய்பவரின் 12 கிராம், கொழும்பில் இருப்பவரின் 12 கிராம் அல்ல.

1979இல் வந்த ஆய்வுகள் அடுத்த கேள்விக்குப் போயின. இரும்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? இரும்பு செலுத்திய பின் அதே வேலைக்கு இதயம் முன்னைவிட மெதுவாகத் துடித்தது, லக்டிக் அமிலம் குறைந்தது, நடக்கும் நேரம் நீண்டது. பிரித்தானிய மருத்துவ இதழில் அதே ஆண்டு வந்த கட்டுரை தோட்டத்துக்கே போனது. சிலருக்கு இரும்பும் சிலருக்கு வெற்று மருந்தும் கொடுத்து, ஒரு மாதத்துக்குப் பின் அவர்கள் நாளுக்கு எடுத்த கொழுந்தின் நிறையை ஒப்பிட்டார்கள். ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாக எடுத்தார்கள்; 6 முதல் 9 கிராம்வரை இருந்த கடுஞ்சோகைக்காரரிடம் ஏற்றம் அதிகம். 24 மணி நேரமும் உடல் அசைவைப் பதியும் கருவியை அணிவித்துப் பார்த்தபோது, மூன்று வாரங்களில் இரும்பு பெற்றவர்கள் வேலை நேரத்துக்கு வெளியிலும் கூடுதலாக நடமாடியது தெரிந்தது. வீட்டு வேலை, பிள்ளை, அடுப்பு, விறகு எல்லாம் அந்த நேரத்தில் அடங்கும். சோம்பல் என்று சொல்லப்பட்டது ஒரு மாத மருந்தில் விலகியது.

அதே 1979இல் மேற்கு ஜாவாவின் இறப்பர் தோட்டங்களிலும், அதற்கு முன் குவாத்தமாலாவின் கரும்புத் தோட்டங்களிலும் இதே போன்ற ஆய்வுகள் இதே முடிவைத் தந்தன. மூன்று நாடுகளின் தோட்டத் தொழிலாளர் உடல்களிலிருந்து எழுந்த அறிவு, இன்று உடற்பயிற்சி உடலியங்கியல் படிக்கும் மாணவருக்குப் பாடமாகியிருக்கிறது. கட்டுரைகள் பொருளாதார இலாபத்தைச் சுட்டி முடிந்தன. கூடுதல் கொழுந்து யாருக்கு இலாபம் என்று அவை கேட்கவில்லை. ஆனால் ஆணைவிடப் பெண்ணுக்குக் கூலி குறைவாக இருந்த காலம் அது. தோட்டத்தில் சம கூலி 1984இல்தான் கிடைத்தது.

ஆய்விலிருந்து நடைமுறைக்கு வர மேலும் காலம் சென்றது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோது வீடமைப்புக்கும் நலனுக்கும் தனி அமைப்பு ஒன்று உருவானது. 1994இல் வெளியான ஒரு ஆய்வு, பெருந்தோட்டங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் கொடுப்பதோடு புழு மருந்தையும் சேர்த்தால் ஹீமோகுளோபின் கூடுதலாக மேம்படுகிறது என்று காட்டியது. தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் புழு மருந்து கொடுக்கும் திட்டமும் அந்தப் பத்தாண்டில்தான் வேகம் கொண்டது. இன்றைய மருந்து ஒற்றை வில்லை. பேதியும் பட்டினியும் வேண்டாம். செருப்பும் நீரடைப்பு மலசலகூடமும் பரவலானதால் கடும் புழுத்தொற்று குறைந்திருக்கிறது. சோகை முற்றிலும் ஒழியவில்லை, காரணம் உணவு. நாளுக்கு 18 கிலோ என்பது போன்ற நிறை இலக்குகளோ எல்லாப் பெண்களுக்கும் ஒன்றே.

இதயத் துடிப்பை வைத்து நோயின் பாரத்தை அளக்கும் இதே முறை, வேறொரு நீடித்த தொற்றுக்கும் பின்னர் பயன்பட்டது. இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் முதல் மருந்தான சிடோவுடின் அனுமதி பெற்றது. எய்ட்ஸ் நோயாளிகளின் தன்னியக்க நரம்புகள் பழுதாவது பற்றிய மருத்துவக் குறிப்புகள் வரத் தொடங்கியதும் அப்போதுதான். சோகை கொண்ட தொழிலாளரிடம் கட்டுப்பாடு சரியாக இருந்து இரத்தம் போதாமல் இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவரிடம் கட்டுப்பாடே தளர்ந்துபோக முடியும். வேகஸின் பிடி தளர்வதால் ஓய்விலேயே நாடி விரைவாக இருக்கிறது. துடிப்புக்குத் துடிப்பு இருக்க வேண்டிய நுண்ணிய இடைவெளி மாற்றம் குறைகிறது. உழைக்கும்போது சிலரிடம் வேகம் வயதுக்குரிய உச்சத்தை எட்டுவதில்லை. நின்றபின் இறங்கவும் தாமதிக்கிறது. நலமுள்ளவருக்குக் கடும் பயிற்சி முடிந்த முதல் நிமிடத்தில் துடிப்பு 12க்கு மேல் குறைய வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

சோகை இங்கேயும் வருகிறது. எச்.ஐ.வி.யில் அடிக்கடி காணும் இரத்தக் கோளாறு அதுதான். வைரஸும் நீடித்த அழற்சியும் எலும்பு மச்சையை மந்தமாக்குகின்றன. சிடோவுடினும் மச்சையை ஒடுக்கும் மருந்து. பழைய மருந்துகள் சில தசையின் மைற்றோகொண்ட்ரியாவையும் கெடுத்து, வந்த ஒட்சிசனைப் பயன்படுத்த முடியாமல் செய்தன. ஆகவே ஓய்வில் நாடி விரைவாக உள்ள ஒரு நோயாளியிடம் நரம்பா, இரத்தமா, காய்ச்சலா, மருந்தா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிடோவுடின் தொடங்குபவருக்கு முதல் வாரங்களில் ஹீமோகுளோபினைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது இதனால்தான். இன்று இலங்கையில் அது முதல் தெரிவு அல்ல. புதிய கூட்டு மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன, நாளுக்கு ஒரு வில்லையாக.

தொற்றுள்ளவர் உடலை வருத்தக்கூடாது என்ற பழைய எச்சரிக்கையை ஆய்வுகள் மாற்றின. உடல்நிலை நிலையாக உள்ளவர்கள் வாரத்துக்கு மூன்று தடவையாவது, ஒவ்வொரு தடவையும் 20 நிமிடமாவது, ஐந்து வாரங்களுக்குக் குறையாமல் நடை, மிதிவண்டி போன்ற பயிற்சி செய்தால், தீங்கின்றி அவர்களுடைய ஒட்சிசன் ஏற்கும் திறன் கூடுகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடு. தொடர்ந்த பயிற்சியால் ஓய்வுத் துடிப்பு இறங்குவதும் வேகஸின் பிடி மீள்வதும் பொதுவாகக் காணக் கூடியவை.

மலையில் வேலை செய்பவருக்கு இந்த ஆலோசனையை அப்படியே சொல்லிவிட முடியாது. கொழுந்தெடுப்பது நாள் முழுதும் சுமையோடு நிற்பதும் ஏறுவதும். பயிற்சிக்குத் தேவையான அளவான ஏற்றமும் இடையிடையே ஓய்வும் அதில் இல்லை. சோகையுள்ள உடல் அதனால் வலுப்படுவதில்லை, தேய்கிறது. எனவே மலையக நோயாளியிடம் பயிற்சி பற்றிப் பேசுமுன் செய்ய வேண்டியவற்றுக்கு ஒழுங்கு உண்டு. முதலில் உயரத்தைக் கணக்கில் எடுத்து ஹீமோகுளோபின் சோதனை. பிறகு புழு மருந்தும் இரும்பும், தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து தள்ளிவைப்பதும். அடுத்து, காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் எண்ணிய நாடியும், லயத்துப் படிகளை ஏறி நின்றபின் எண்ணிய நாடியும், ஒரு நிமிடம் கழித்து எண்ணிய நாடியும். மணிக்கட்டில் மூன்று விரல் வைக்கத் தெரிந்தவர் எவரும் இந்த மூன்று எண்களையும் எடுத்துவிடலாம். கடும் வேலையிலிருந்து சில வாரங்களுக்கு இலகு வேலைக்கு மாற்றும்படி தோட்ட மருத்துவ உதவியாளர் எழுதிக் கொடுப்பதற்கு, நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லாமலே, அந்த எண்களும் ஹீமோகுளோபின் அளவும் போதுமான காரணம்.